பயனர்களிடம் தரவு சேகரிப்பது எப்படி? முதல் ஆய்வுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

மனித-கணினி ஊடாட்டத்தில், அதாவது மக்கள் கணினியையும் செயலிகளையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் துறையில், முதல் ஆய்வைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது, "சர்வே எடுக்கவா, இன்டர்வியூ எடுக்கவா?" என்பதுதான். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது முடிவாகாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. முறைகள் ஏராளமாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வகைக் கேள்விக்குத்தான் பதில் தரும். முறை தப்பினால் தரவு மலைபோல் குவியும், கேட்டதற்குப் பதில் மட்டும் அதில் இருக்காது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மருத்துவரைப் பார்க்க நேரம் முன்பதிவு செய்யும் ஒரு மொபைல் செயலி. ஆரம்பிக்கிறவர்களில் பலர் பாதியில் விட்டுவிட்டு, போன் செய்து நேரம் வாங்குகிறார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் கேள்வி

"செயலி எப்படி இருக்கிறது?" என்பதை வைத்துக்கொண்டு ஓர் ஆய்வை நடத்த முடியாது. அதையே உடைத்துப் பாருங்கள். எந்தத் திரையில் விட்டுவிட்டுப் போகிறார்கள்? இதைச் செயலியின் பதிவேடு, அதாவது லாக், சொல்லிவிடும். அந்தத் திரையில் அவர்களுக்கு என்ன குழப்பம்? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். போனில் பேசி நேரம் வாங்குவதில் அவர்களுக்கு என்ன நிம்மதி? அதற்கு நேர்காணல். இப்படி நினைப்பவர்கள் எத்தனை பேர்? இங்கேதான் சர்வே வருகிறது. மாற்றி வடிவமைத்த திரை பழையதைவிட வேகமாக இருக்கிறதா? அதற்குச் சோதனை வேண்டும். ஒரே செயலிதான், ஆனால் ஐந்து கேள்விகள், ஐந்து முறைகள்.

கேள்வி சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆய்வு முடிந்ததும் எழுதப்போகும் வாக்கியத்தை இப்போதே கோடிட்ட இடங்களோடு எழுதுங்கள். "___ பேரில் ___ பேர் ___ திரையில் நின்றுவிட்டார்கள், அப்போது அவர்கள் நினைத்தது ___." அந்த இடங்களை நிரப்ப எது தேவையோ அதைச் சேகரித்தால் போதும். வேறு எதையாவது "இருக்கட்டும், பிறகு உதவும்" என்று கேட்கத் தோன்றினால் விட்டுவிடுங்கள். வயது, பாலினம், வருமானம் என்று பழக்கத்தில் கேட்டு வைக்கும் பல தகவல்கள் கடைசிவரை பயன்படுவதில்லை. அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பு மட்டும் நம் தலையில் ஏறும்.

யாரிடம், எத்தனை பேரிடம்

கைக்கு எட்டிய ஆட்கள் நண்பர்களும் கூடப் படிக்கிறவர்களும்தான். செயலிகளோடு வாழ்கிறவர்கள் அவர்கள். உங்களைச் சங்கடப்படுத்தவும் விரும்ப மாட்டார்கள். முன்னோட்டத்துக்கு, அதாவது ஒத்திகைக்கு, அவர்களை வைத்துக்கொள்ளுங்கள், உண்மையான ஆய்வுக்கு வேண்டாம். யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யக் கேள்வி கேட்கும்போது நீங்கள் தேடும் பதிலைக் காட்டிக்கொடுக்காதீர்கள். "செயலியில் முன்பதிவு செய்ததுண்டா?" என்றால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். "கடந்த மூன்று மாதத்தில் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியபோது எப்படி வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள்.

"ஐந்து பேர் போதும்" என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1993இல் ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கிலிருந்து பரவியது அது. ஒரு குறை ஒரு பயனரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று வைத்தால், ஐந்து பேரிடம் சோதிக்கும்போது சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும். ஆனால் அந்த 31ஐ 10 ஆகக் குறைத்துக் கணக்குப் போட்டால் அதே ஐந்து பேர் வெளிக்கொண்டு வருவது 41 சதவீதம்தான். ஆக, ஐந்து என்பது கண்ணில் படும் குறைகளைப் பொறுக்கி, சரிசெய்து, மறுபடி சோதிக்கிற வேலைக்கான எண். "இத்தனை சதவீதம் பேருக்குப் பிடித்திருக்கிறது" என்று எழுத அது உதவாது. அதற்குக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 100 பேர் இருந்தாலும் ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளி முன்பின் இருக்கும். 400 பேர் என்றால் அது 5 ஆகக் குறையும். நேர்காணலுக்கு நிலையான எண் கிடையாது. அடுத்தடுத்த இரண்டு மூன்று பேரிடம் புதிதாக எதுவும் வரவில்லை என்றால் நிறுத்தலாம்.

ஒப்புதல்

ஆய்வு பங்கேற்பாளர்களைப் பாதிக்காதா என்று பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதல் ஆளைச் சந்திக்கும் முன்பே வாங்கியாக வேண்டும். சேகரித்து முடித்துவிட்டு வாங்குவது அனுமதி ஆகாது. படிவத்தை எளிய மொழியில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம், எதைப் பதிவு செய்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். பாதியில் எழுந்து போனாலும், கலந்துகொள்வதற்குத் தருவதாகச் சொன்ன தொகை முழுதாகக் கிடைக்கும் என்ற வரியை மறக்காதீர்கள். பணத்துக்காகச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் மனமுவந்து கலந்துகொண்டவர் ஆக மாட்டார்.

இதில் நான் கறாராக இருப்பதற்கு இரண்டு சம்பவங்கள் காரணம். 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவும் என்று, சுமார் ஆறரை லட்சம் பயனர்களின் இரண்டு கோடித் தேடல்களைப் பொதுவில் வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு எண்களைப் போட்டிருந்தார்கள். சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் ஒருவருடைய தேடல்களை வைத்தே அவர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். 2014இல் வெளியான ஃபேஸ்புக் ஆய்வில் 6,89,003 பேரின் செய்தி ஓடையில் மகிழ்ச்சியான, சோகமான பதிவுகளின் அளவை மாற்றிப் பார்த்தார்கள். தனியாக யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவதில்லை. பொதுவான விதிமுறைகளுக்குச் சரி என்று டிக் அடித்ததும் ஒப்புதல் ஆகிவிடாது.

முன்னோட்டம்

ஒருவரை வைத்தாவது முழு அமர்வையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். என் முதல் ஆய்வில் நேரமில்லை என்று இதைத் தவிர்த்தேன். பணித்தாளில் "நாளைக்கு ஒரு நேரத்தை முன்பதிவு செய்யுங்கள்" என்று எழுதியிருந்தேன். திரையில் இருந்த பட்டனிலும் "முன்பதிவு செய்" என்றே இருந்தது. வந்த ஆறு பேரும் அந்தப் பட்டனை உடனே கண்டுபிடித்தார்கள். தாளில் படித்த சொல்லைத் திரையில் தேடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆறு பேருடைய பதிவையும் ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று. அவர்கள் நேரம் ஒதுக்கி வந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து பணியைச் சூழ்நிலையாகத்தான் எழுதுகிறேன்: "உங்கள் அம்மாவுக்கு இரண்டு நாளாக முழங்கால் வலி. நாளைக் காலையில் மருத்துவரிடம் அழைத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள்."

நேர்காணல்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பேசத் தெரிந்தால் பேட்டி எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் மனிதர்கள் தங்கள் செயலுக்குச் சொல்லும் காரணம் பல நேரம் பின்னால் கட்டிய கதையாக இருக்கும். 1977இல் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமத்தி வில்சனும் இதைப் பல சோதனைகளை முன்வைத்து விளக்கினார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. தன் மனதுக்குள் நடந்தது தனக்கே முழுதாகத் தெரியாதபோது, பொருத்தமாகத் தோன்றும் காரணத்தை எடுத்துச் சொல்கிறார்கள். அதனால் "ஏன்?" என்று தொடங்காதீர்கள். "இப்படி ஒரு வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்றும் கேட்காதீர்கள். வராத நாளைப் பற்றி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள்.

நடந்து முடிந்த, குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். ஜான் ஃபிளனகன் 1954இல் எழுதிய முக்கியச் சம்பவ முறையின் அடிப்படை இதுதான். வித்தியாசத்தைப் பாருங்கள். முதலில் தப்பான வழி:

"செயலி ஈஸியா இருந்துச்சா?"
"ம்... நல்லா இருந்துச்சுங்க."

இதற்குமேல் கேட்க எதுவும் இல்லை. இனி மற்றது:

"கடைசியா எப்போ நேரம் வாங்குனீங்க?"
"போன வாரம். எங்க அம்மாவுக்கு."
"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஆரம்பத்துல இருந்து சொல்லுங்களேன்."
"டாக்டர் பேரைத் தேடினேன், வந்துச்சு. நேரமும் காட்டுச்சு. அப்புறம் நோயாளி விவரம்னு ஒண்ணு வந்துச்சு. அதுல என் பேர்தான் இருந்துச்சு."

அவர் நிறுத்தினார். நான் பேசவில்லை, மனதுக்குள் ஐந்து வரை எண்ணினேன்.

"மாத்தலாம்னுதான் நெனைக்கிறேன். ஆனா மாத்துனா என் கணக்கே அம்மா பேர்ல போயிடுமோன்னு பயம். அதான் போன் பண்ணிட்டேன்."

நாம் தேடிக்கொண்டிருந்த பதில் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. அந்த ஐந்து வினாடி மௌனத்தை "ஓ, அப்போ குழப்பமா இருந்துச்சா?" என்று நான் நிரப்பியிருந்தால் "ஆமா" என்பதோடு முடிந்திருக்கும். பயம் என்ற சொல் வெளியே வந்திருக்காது.

கேள்விகளை ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிக்கொண்டு போகாதீர்கள். எட்டு, பத்து கேள்விகள் போதும். வரிசை மாறினால் மாறட்டும். அவர் பயன்படுத்திய சொல்லையே பிடித்து மறுகேள்வி கேளுங்கள். "கணக்கு போயிடும்" என்றால், "போயிடும்னா?" என்று மட்டும் கேளுங்கள். அவருடைய சொல்லை நீங்கள் "அக்கவுண்ட் செட்டிங்" என்று மாற்றிவிட்டால், அதற்குப் பிறகு அவரும் உங்கள் மொழியில் பேச ஆரம்பித்துவிடுவார்.

இடத்துக்கே போய்ப் பார்த்தல்

சொல்வது ஒன்று, செய்வது ஒன்றாக இருக்கும் என்பதால் பேட்டியோடு நின்றுவிடக் கூடாது. கேரன் ஹோல்ட்ஸ்பிளாட்டும் ஹியூ பேயரும் வளர்த்தெடுத்த சூழல்சார் விசாரணை என்ற முறையில் ஆய்வாளர் சீடர், பயனர் குரு. அவர் வேலை செய்யும் இடத்தில், வேலை செய்யும் நேரத்தில், பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருப்பவர் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டைப் பற்றி எந்தப் பேட்டியிலும் சொல்ல மாட்டார். அவருக்கு அது சொல்லத் தக்க விஷயமே இல்லை. ஆனால் அந்தச் சீட்டில் இருப்பது மென்பொருள் செய்யத் தவறிய வேலை.

குறிப்பெடுக்கும் நோட்டுப் புத்தகத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. வலப்பக்கம் உங்கள் ஊகம். உதாரணத்துக்கு ஒரு வரி:

இடது: 10:42. "உறுதி செய்" அழுத்துகிறார். திரை மாறவில்லை. மறுபடி அழுத்துகிறார். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறார்.
வலது: சிக்னல் இல்லை என்று நினைக்கிறாரோ? பிறகு கேட்க வேண்டும்.

இதற்குப் பதிலாக "பயனர் எரிச்சலடைந்தார்" என்று எழுதியிருந்தால் அது தரவாக இருக்காது, தீர்ப்பாக இருக்கும். ஒரு மாதம் கழித்துப் படிக்கும்போது என்ன நடந்தது என்று உங்களுக்கே நினைவு வராது. போனைத் தூக்கிப் பிடித்தார் என்ற குறிப்பு இருந்தால், வேறொருவர் அதைப் படித்துவிட்டு "ஏற்றப்படுகிறது என்று காட்டும் சுழலும் வட்டமே இல்லையா?" என்று கேட்க முடியும்.

பணி கொடுத்து, உரக்கச் சிந்திக்கச் சொல்லுதல்

பங்கேற்பாளர் ஒரு வேலையைச் செய்துகொண்டே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்வார். கிளேட்டன் லூயிஸ் 1982இல் ஐபிஎம்மில் இருந்தபோது இடைமுகங்களைச் சோதிக்க இதை எழுதிவைத்தார். இதன் உளவியல் அடித்தளம் ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் செய்த ஆய்வுகளில் இருக்கிறது.

பெரும்பாலானவர்களுக்கு இது பழக்கமில்லாத செயல். அதனால் முதலில், "உங்கள் வீட்டில் எத்தனை ஜன்னல்கள் என்று சத்தமாக எண்ணிச் சொல்லுங்கள்" என்று பழக்குங்கள். ஒவ்வோர் அறையாக மனதில் நடந்து போவார், கூச்சம் போய்விடும். "நாங்கள் சோதிப்பது செயலியை, உங்களை அல்ல" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதைப் படிவத்தில் மட்டும் வைத்தால் போதாது, முகம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் அமைதியானால், "பேசிக்கிட்டே செய்யுங்க" என்று நினைவூட்டுங்கள். தடுமாறும்போது உதவக் கை துறுதுறுக்கும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். "இதை அழுத்தினால் என்ன ஆகும்?" என்று அவர் கேட்டால், "என்ன ஆகும்னு நீங்க நெனைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். எவ்வளவு நேரம் காத்திருந்து உதவுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி கடைப்பிடியுங்கள். பணி முடிந்ததா, எங்கே தவறினார், எங்கே உதவி தேவைப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே செய்யும்போது வேகம் மாறும் என்பதால், நேரத்தை அளக்க வேண்டும் என்றால் அதைப் பேசாத தனிச் சுற்றில் அளவெடுங்கள்.

தனியாகப் பேசத் தயங்குகிறவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைக்கலாம். ஜெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் லூசி சச்மன், இரண்டு பேர் சேர்ந்து ஒரு நகலெடுக்கும் இயந்திரத்தோடு மல்லாடுவதைப் படமெடுத்தார். ஒருவருக்கொருவர் பேசியாக வேண்டும் என்பதால் குழப்பம் தானாகவே வெளியே வந்தது. இயந்திரம் நினைத்த வரிசையும் மனிதர்கள் நினைத்த வரிசையும் எங்கே பிரிந்தன என்று அவர் 1987இல் எழுதியது இந்தத் துறையின் போக்கையே மாற்றியது.

கேள்வித்தாள்

சொந்தமாகக் கேள்வி எழுதும் முன், ஏற்கெனவே சோதித்துப் பார்த்த அளவுகோல் இருக்கிறதா என்று தேடுங்கள். பயன்பாட்டு எளிமைக்கு சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல் இருக்கிறது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது. மொத்தம் 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஒற்றைப்படை வாக்கியங்கள் பாராட்டாகவும், இரட்டைப்படை வாக்கியங்கள் குறையாகவும் இருக்கும். பலர் கணக்கில்தான் தவறுகிறார்கள். ஒற்றைப்படையில் மதிப்பெண்ணிலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படையில் 5இலிருந்து மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்க வேண்டும்.

ஒருவர் 4, 2, 4, 1, 4, 2, 5, 2, 4, 2 என்று குறித்திருந்தால் ஒற்றைப்படைகள் 16, இரட்டைப்படைகள் 16, கூட்டினால் 32, பெருக்கினால் 80. இது 80 சதவீதம் அல்ல. பல ஆய்வுகளின் சராசரி 68 அளவில் இருப்பதால், அதோடு ஒப்பிட்டால் இந்த எண் நன்றாக இருக்கிறது, அவ்வளவே. ஏன் நன்றாக இருக்கிறது என்பதை எண் சொல்லாது. வேலையின் பளு எவ்வளவு என்று அறிய நாசா டிஎல்எக்ஸ் என்ற கேள்வித்தாள் உண்டு. 1988இல் சாண்ட்ரா ஹார்ட்டும் லோவல் ஸ்டேவ்லாண்டும் வெளியிட்டது. மனச்சுமை, உடல்சுமை, நேர நெருக்கடி, செய்து முடித்த திருப்தி, முயற்சி, எரிச்சல் என ஆறு அளவுகள்.

அளவுகோலைத் தமிழில் கொடுப்பதாக இருந்தால், ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மொழிபெயர்க்கட்டும். இரண்டும் எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். சொந்தக் கேள்வி எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், "செயலி வேகமாகவும் எளிமையாகவும் இருந்ததா?" போல இரண்டு விஷயங்களை ஒரே வரியில் கட்டாதீர்கள். வேகமாக இருந்தது, எளிமையாக இல்லை என்பவர் எதைக் குறிப்பார்?

பதிவேடு, நாட்குறிப்பு, மற்றவை

பதிவேட்டுத் தரவு எத்தனை பேர், எங்கே, எப்போது என்று துல்லியமாகச் சொல்லும். காரணம் சொல்லாது. நோயாளி விவரத் திரையில் ஒருவர் நாலு நிமிடம் நின்றார் என்றால் யோசித்தாரா, அடுப்பை அணைக்கப் போனாரா என்று அதற்குத் தெரியாது. பதிவேடு காட்டும் இடத்தை வைத்துக்கொண்டு அதே இடத்தைப் பற்றி நேர்காணலில் கேளுங்கள், இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். எதிரெதிராக வந்தால் பதற வேண்டாம், அங்கேதான் தோண்ட வேண்டும்.

வாரக்கணக்கில் நீளும் பழக்கங்களுக்கு நாட்குறிப்பு முறை. தினமும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாதபடி வையுங்கள். குரல்பதிவாக அனுப்பச் சொன்னால் பலருக்கு எளிது. கண் அசைவைப் பின்தொடரும் கருவி, பார்வை எங்கே நின்றது என்று காட்டும். பிடித்துப்போய் நின்றதா, புரியாமல் நின்றதா என்று காட்டாது, முதல் ஆய்வுக்கு அது வேண்டியதில்லை. இரண்டு வடிவங்களை ஒரே ஆளிடம் ஒப்பிட்டால், பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுங்கள். இரண்டாவதாக வருவதில் ஏற்கெனவே பழகிய கை சேர்ந்துவிடும்.

சேகரித்த அன்றே

அமர்வு முடிந்த அரை மணிக்குள் உட்கார்ந்து குறிப்பை விரித்து எழுதுங்கள். மறுநாள் என்று தள்ளினால் இடப்பக்கமும் வலப்பக்கமும் கலந்துவிடும். ஒலிப்பதிவைத் திறந்து உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா என்று முதல் பத்து வினாடியும் கடைசிப் பத்து வினாடியும் கேளுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆளின் பெயர் வேண்டாம், ப01, ப02 என்று வையுங்கள். எந்த எண் யார் என்ற பட்டியலைத் தனியாக, வேறொரு பூட்டிய இடத்தில் வையுங்கள். பேச்சுக்குள் வரும் ஊர், மருத்துவர் பெயர், நோய் ஆகியவையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் எழுத்தாக்கும்போதே அவற்றை மாற்றிவிடுங்கள்.

குறிப்புகளை ஒவ்வொன்றாகத் துண்டுச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒத்தவற்றைப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டே போங்கள். ஜப்பானின் ஜிரோ கவாகிதா உருவாக்கிய முறை இது. தலைப்பை முதலில் போட்டுவிட்டுச் சீட்டுகளை அடியில் அடுக்காதீர்கள். சீட்டுகள் கூட்டமாகச் சேர்ந்த பிறகு அதற்குப் பெயர் வையுங்கள். இதற்கு இன்னொருவரைக் கூட வைத்துக்கொள்வது நல்லது. ஒரே சீட்டை இருவரும் வேறு வேறு இடத்தில் ஒட்டப் போகும்போது நடக்கும் வாக்குவாதம் மிகவும் பயனுள்ளது.

கடைசியாக, படிவத்தில் எழுதிய அழிப்பு தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த நாள் வந்ததும் ஒலிப்பதிவு, திரைப்பதிவு, பெயர்ப் பட்டியல் மூன்றையும் கணினியிலிருந்தும் பேக்கப்பிலிருந்தும் போனிலிருந்தும் அழித்துவிட்டு, அழித்த தேதியை ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.